கணக்கு அண்ணனும் கனவுத் தம்பியும்



நமது கடைவீதிகளில் 'பிரதர்ஸ்' என்று பெயர்ப்பலகை மாட்டிய கடைகளுக்குப் பஞ்சமில்லை. பலகையில் சகோதரர்கள் இருவரும் இருப்பார்கள். கல்லாவில் ஒருவர்தான் இருப்பார். பெரும்பாலும் அவர் மூத்தவர். நாள்வழி எழுதுவது, பேரேட்டில் ஏற்றுவது, யார் யார் எவ்வளவு பாக்கி என்பதைத் தேதியோடு நினைவில் வைத்திருப்பது, வங்கிக்குப் போவது எல்லாம் அவர் பொறுப்பு. இளையவர் வெளியே இருப்பார். நாலு ஊர் சுற்றுவார், நாலு பேரிடம் சிரித்துப் பேசுவார், புதுச் சரக்கு ஒன்றைக் கண்டு ஆசைப்பட்டு இருபது பெட்டிக்குச் சொல்லிவிட்டு வந்து நிற்பார். அண்ணனுக்கு வயிற்றைக் கலக்கும். தம்பிக்கோ அண்ணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பதைப் பார்த்தாலே எரிச்சல் வரும். இப்படி முகம் திருப்பிக்கொண்டு, கடைசியில் ஒரே கட்டடத்தின் நடுவே சுவர் எழுப்பிய கடைகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பஞ்சாயத்துக்கு உட்கார்ந்த பெரியவர்களுக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும்.

இந்தப் பாடத்தில் நாம் எடுத்துக்கொள்வது நமது ஊர்க் கடை அல்ல. மிக்கி மவுஸ் படம் போட்ட பென்சில் பெட்டியையோ பள்ளிக்கூடப் பையையோ விற்காத ஸ்டேஷனரி கடை நம்மிடையே இருக்காது. அந்த எலியை உலகம் முழுவதும் கொண்டுபோய்ச் சேர்த்தது ஓர் அண்ணனும் ஒரு தம்பியும் நடத்திய கூட்டு வியாபாரம் என்பதும், அது 43 ஆண்டுகள் உடையாமல் நின்றது என்பதும் நம்மில் பலர் அறியாதவை. தம்பி வால்ட் டிஸ்னியின் பெயர் எல்லோருக்கும் தெரியும். அண்ணன் ராய் டிஸ்னியின் பெயரைக் கேட்டவர்கள் குறைவு. கல்லாவில் உட்காரும் நமக்கு ராயின் கதைதான் அதிகம் பயன்படும்.

பேப்பர் போட்ட பையன்கள்

ராய் பிறந்தது 1893 ஜூனில். வால்ட் பிறந்தது 1901 டிசம்பரில். எட்டு வயதுக்கு மேல் வித்தியாசம். தந்தை எலியாஸ் கடுமையான உழைப்பாளி, அதைவிடக் கடுமையான கண்டிப்புக்காரர். கைவைத்த தொழில் எதுவும் அவருக்குக் கைகொடுக்கவில்லை. மிசூரி மாநிலத்தில் விவசாயம் செய்து பார்த்து, நிலத்தை விற்றுவிட்டு, கான்சாஸ் சிட்டி நகரில் செய்தித்தாள் விநியோக உரிமை ஒன்றை வாங்கினார். விடியுமுன் எழுந்து வீடு வீடாகப் பேப்பர் போட்டவர்கள் ராயும் வால்ட்டும்தான். பையன்களுக்குக் கூலி கிடையாது. மூத்த அண்ணன்கள் இருவர் தந்தையின் கெடுபிடி பொறுக்காமல் அதற்கு முன்பே வீட்டைவிட்டுப் போய்விட்டார்கள். ஆகவே வால்ட்டுக்கு அண்ணன் என்றாலும், ஒருவகையில் தகப்பன் என்றாலும், ராய்தான்.

ராய் 1912இல் பள்ளிப்படிப்பை முடித்தார். பிறகு கான்சாஸ் சிட்டியில் ஒரு வங்கியில் வேலைக்குச் சேர்ந்தார். எண்களோடு பழகியது அங்கேதான். முதல் உலகப் போரில் கடற்படையில் சேர்ந்தார். அதன்பின் காசநோய் கண்டு பல ஆண்டுகள் அரசு மருத்துவமனைகளில் கிடந்தார்.

தம்பியின் போக்கு வேறு. வகுப்பில் படம் வரைந்துகொண்டிருப்பார், நடித்துக் காட்டுவார், எல்லோரையும் சிரிக்க வைப்பார். வயது போதாதபோது பிறந்த தேதியை மாற்றி எழுதி, செஞ்சிலுவைச் சங்க வண்டி ஓட்டப் பிரான்சுக்குப் போனார். திரும்பி வந்து கார்ட்டூன் படக் கம்பெனி தொடங்கினார். 1923இல் அது திவாலானது. கையில் காசில்லாத அந்த நாட்களில் மருத்துவமனையிலிருந்து ராய் ஒரு வெற்றுக் காசோலையைத் தம்பிக்கு அனுப்பி, 30 டாலர் வரை எழுதிக்கொள்ளச் சொன்னாராம். தொகையை எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பியது அண்ணன் மனம். 30க்கு மேல் போகாதே என்று வரம்பு கட்டியது வங்கிக்காரன் மனம். பிற்காலத்தில் பலகோடி டாலர் புரண்டபோதும் ராய் நடந்துகொண்டது இதே மாதிரிதான்.

அதே 1923இல் வால்ட் லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கு வந்தார். நியூயார்க்கிலிருந்து மார்கரெட் விங்க்ளர் என்ற விநியோகஸ்தர், ஒரு படத்துக்கு 1,500 டாலர் வீதம் குறும்படங்கள் வாங்கிக்கொள்வதாகத் தகவல் அனுப்பினார். வால்ட் அன்றிரவே ராய் படுத்திருந்த மருத்துவமனைக்கு ஓடினார். நோயாளி அண்ணன் மறுநாள் எழுந்து வெளியே வந்தார். பிறகு அங்கே திரும்பவில்லை. சித்தப்பா ஒருவரிடம் 500 டாலர் கடன், ராயின் சொந்தச் சேமிப்பு, இவைதான் முதல். 1923 அக்டோபர் 16 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. கடையின் பெயர் 'டிஸ்னி பிரதர்ஸ்'. நமது கடைவீதிப் பெயரேதான்! மூன்றாண்டுக்குள், 1926இல், பெயர் 'வால்ட் டிஸ்னி' என்று மாறியது. அண்ணன் பெயர் பலகையிலிருந்து இறங்கியது. ராய் அதைப் பொருட்படுத்தவில்லை. பலகையில் ஒரு முகம் இருந்தால்தான் வாடிக்கையாளர் மனதில் நிற்கும் என்ற வியாபார நியாயம் அவருக்குப் புரிந்திருந்தது. ஆனால் புரிவது வேறு, பொறுப்பது வேறு. நம்மில் எத்தனை மூத்தவர்கள் பொறுப்போம் என்று சொல்வதற்கில்லை.

படிக்காமல் போட்ட கையெழுத்து

இனி வருவதை உறுப்பினர்கள் கவனமாகப் படிக்க வேண்டுகிறோம்.

ஆஸ்வால்ட் என்ற முயல் கார்ட்டூன் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. 1928இல் வால்ட் நியூயார்க் போய் விநியோகஸ்தர் சார்லஸ் மின்ட்ஸிடம் கூடுதல் விலை கேட்டார். மின்ட்ஸ் விலையைக் குறைத்ததோடு, டிஸ்னியிடம் வேலை பார்த்த ஓவியர்களில் பெரும்பாலோரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டதையும் தெரிவித்தார். முயலின் உரிமையும் டிஸ்னி சகோதரர்களிடம் இல்லை. ஒப்பந்தப்படி அது யுனிவர்சல் நிறுவனத்துடையது. உழைத்து உருவாக்கிய சரக்கின் பெயர் அடுத்தவன் கையில் இருந்தால் என்ன ஆகும் என்பது அன்று தெரிந்தது. இதற்குப் பதிலாகப் பிறந்ததே மிக்கி மவுஸ். இம்முறை உரிமை தங்கள் பெயரிலேயே இருக்க வேண்டும் என்பதில் அண்ணன் தம்பி இருவரும் உறுதியாக நின்றார்கள்.

ஆனால் தம்பியின் சுபாவம் ஒரே அடியில் மாறிவிடுமா? மிக்கிக்கு ஒலி சேர்க்க வேண்டும் என்று மறுபடி நியூயார்க் போனார். பாட் பவர்ஸ் என்ற பேச்சுக்காரர் ஒருவரிடம் ஒலிப்பதிவுக் கருவியை வாடகைக்கு எடுக்க ஒப்பந்தம் செய்துகொண்டு திரும்பினார். ஆண்டுக்கு 26,000 டாலர், பத்தாண்டுக்கு! அந்தக் காகிதத்தைப் பார்த்த ராய், இதைப் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டாயா என்று கத்திவிட்டார். படிக்கவில்லை; எனக்குக் கருவி வேண்டியிருந்தது என்பதே தம்பியின் பதில்.

1928 நவம்பர் 18 அன்று நியூயார்க்கில் ஒலியோடு வெளிவந்த மிக்கி படம் பெரும் வெற்றி பெற்றது. வால்ட் சொன்னது சரியாகிவிட்டது. ஆனால் பவர்ஸிடமிருந்து வரவேண்டிய பணம் முழுதாக வரவில்லை. ராய் கணக்குக் கேட்டார், கணக்கு வரவில்லை. 1930இல், வால்ட்டின் வலது கையாக இருந்த ஓவியர் அப் ஐவர்க்ஸையும் பவர்ஸ் தனியே கூப்பிட்டுக்கொண்டார். கடைசியில் சகோதரர்கள் அவரிடமிருந்து விலகி, கொலம்பியா நிறுவனத்திடம் விநியோகத்தைக் கொடுத்தார்கள்.

இதில் யார் பக்கம் நியாயம்? ராய் பக்கம் என்று உடனே சொல்லத் தோன்றும். நாம் அப்படிச் சொல்ல மாட்டோம். ஒலி இல்லாமல் மிக்கி இல்லை. தம்பி காட்டிய அவசரம் இல்லாமல் ஒலி இல்லை. அதேசமயம் அண்ணன் விடாமல் கணக்குக் கேட்டிருக்காவிட்டால், பவர்ஸ் கொடுத்ததே கணக்கு என்று ஆகியிருக்கும்.

நமது சட்டம் என்ன சொல்கிறது

இதே விஷயம் நமது நாட்டில் கூட்டுக் கடையில் நடந்தால் என்ன? 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தின் சில பிரிவுகளை இங்கே நினைவூட்டுவது நல்லது. அச்சட்டத்தின் 18, 19ஆம் பிரிவுகளின்படி ஒவ்வொரு கூட்டாளியும் நிறுவனத்தின் முகவர். வழக்கமான வியாபாரத்தில் ஒருவர் போடும் கையெழுத்து மற்றவரையும் கட்டும். 25ஆம் பிரிவின்படி அந்தக் கடனுக்கு எல்லோரும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு. தம்பி சொன்ன இருபது பெட்டிக்கு அண்ணன் வீட்டுச் சொத்தும் ஈடு என்று பொருள்.

தம்பி இவ்வளவு தொகைக்கு மேல் கடனில் கொள்முதல் செய்யக்கூடாது என்று வீட்டுக்குள் பேசிவைத்திருக்கிறோமே என்று சிலர் சொல்வார்கள். 20ஆம் பிரிவு அப்படி வரம்பு கட்டிக்கொள்ள அனுமதிக்கிறது. ஆனால் அந்த வரம்பு எதிராளிக்குத் தெரிந்திருந்தால்தான் அவரிடம் செல்லும். மொத்த வியாபாரிக்கு எழுத்தில் தெரிவிக்காத வரம்பு, வரம்பே அல்ல.

நிறுவனத்தின் சார்பில் தன் சொந்தப் பெயரில் வங்கிக் கணக்குத் தொடங்குவது, நிறுவனத்துக்காக அசையாச் சொத்து வாங்குவது, நிறுவனத்தைப் பாதிக்கும் வழக்கை நடுவரிடம் ஒப்படைப்பது போன்றவற்றை, மாறான வழக்கமோ ஒப்பந்தமோ இல்லாதபோது, ஒரு கூட்டாளி தானாகச் செய்ய முடியாது. சாதாரண விஷயங்களில் பெரும்பான்மைக் கருத்து போதும். வியாபாரத்தின் தன்மையையே மாற்றுவதென்றால் எல்லாக் கூட்டாளிகளும் சம்மதிக்க வேண்டும் என்கிறது 12ஆம் பிரிவு. இருவர் மட்டும் உள்ள கடையில் பெரும்பான்மை என்பதே கிடையாது என்பதையும் கவனிக்க. ஒருவர் சரி என்று, மற்றவர் வேண்டாம் என்றால் வண்டி நின்றுவிடும். ஆகவே பத்திரம் எழுதும்போதே எந்த விஷயத்தில் யார் சொல் முடிவு என்று எழுதிக்கொள்வது புத்திசாலித்தனம்.

பத்திரம் எழுதாமலோ, எழுதியும் பங்கைக் குறிப்பிடாமலோ விட்டால் 13ஆம் பிரிவு வந்து உட்காரும். இலாப நஷ்டம் சமபாகம். உழைப்புக்குச் சம்பளம் கேட்க உரிமையில்லை. முதலுக்கு மேல் ஒருவர் போட்ட பணத்துக்கு ஆண்டுக்கு 6 சதவீத வட்டி. காலை ஐந்து மணிக்குக் கடை திறக்கும் அண்ணனும், பத்து மணிக்கு வந்து டீ குடிக்கும் தம்பியும் சட்டத்தின் முன் சமம். பூர்வீகக் கூட்டுக்குடும்பக் கடை இந்தச் சட்டத்துக்குள் வராது. அதற்கு விதிகள் வேறு. நம்மில் பலருக்குத் தங்கள் கடை இந்த இரண்டில் எது என்பதே தெரியாமல் இருக்கிறது. பதிவு செய்யாத கூட்டாண்மை வெளியாரிடமிருந்து வரவேண்டிய பாக்கிக்கு ஒப்பந்த அடிப்படையில் வழக்குப் போட முடியாது என்ற 69ஆம் பிரிவை முன்பே பலர் பட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறார்கள்.

டிஸ்னி சகோதரர்கள் 1929இல் கம்பெனியாகப் பதிவு செய்துகொண்டபோது பங்குகளில் 60 பாகம் வால்ட்டுக்கும் அவர் மனைவிக்கும், 40 பாகம் ராய்க்கும் என்று எழுதிக்கொண்டார்கள். மூத்தவருக்குக் குறைந்த பங்கு! முறையா என்று கேட்பவர் நம்மிடையே இருப்பர். ஆனால் அது எழுத்தில் இருந்தது; ஆரம்பத்திலேயே இருந்தது; பின்னால் பெரும் சண்டை வந்தபோதும் பங்கு எவ்வளவு என்பதில் சண்டை வரவில்லை.

எலிப் படம் போட்ட நோட்டுப் புத்தகம்

சில்லறை வியாபாரிகளான நமக்கு இந்தச் சிறு செய்தி பிடிக்கும். 1929இல் நியூயார்க் ஓட்டல் ஒன்றில் ஒருவர் வால்ட்டைத் தேடிவந்து, பிள்ளைகள் எழுதும் நோட்டுப் புத்தகத்தின்மேல் மிக்கி படம் போட்டுக்கொள்ள 300 டாலர் தருவதாகச் சொன்னார். கைச்செலவுக்குத் தட்டுப்பாடான சமயம்; வால்ட் வாங்கிக்கொண்டார். அவருக்கு அது அன்றைய செலவுக்கான பணம். ராய்க்கோ அது ஒரு தொழில். 1932இல் கே கேமன் என்ற விளம்பரக்காரரை இதற்கென்றே அமர்த்தினார்கள். 1933இல் மிக்கி கைக்கடிகாரம் வந்தது. பிறகு பொம்மை, சட்டை, பால் பாட்டில் என்று எல்லாவற்றிலும் எலி ஏறியது. படம் எடுக்கச் செலவான பணம் திரையரங்கிலிருந்து திரும்பி வருமுன் கடைகளிலிருந்து வரும் உரிமத்தொகைதான் பல மாதங்கள் சம்பளப் பட்டியலைத் தாங்கியது.

அடகு வைக்காதது எது?

1934இல் வால்ட் முழுநீளக் கார்ட்டூன் படம் எடுக்கத் தீர்மானித்தார். அதுவரை அமெரிக்காவில் யாரும் எடுக்காதது. இரண்டரை இலட்சம் டாலரில் முடியும் என்று கணக்குப் போட்டுத் தொடங்கியது, முடியும்போது சுமார் 15 இலட்சம் டாலராகியிருந்தது. ஊரே 'டிஸ்னியின் பைத்தியக்காரத்தனம்' என்று பேசியது. இரண்டு வண்ணம் போட்டால் போதும் என்று அண்ணன் சொல்லும் இடத்தில் தம்பி இருபது வண்ணம் போடுவார். வரைந்ததைக் கிழித்துவிட்டு மறுபடி வரையச் சொல்வார். ராய் ஒவ்வொரு மாதமும் பேங்க் ஆஃப் அமெரிக்காவின் வாசலில் நின்றார்.

கடைசித் தவணைக்கு வங்கி தயங்கியது. முடிந்தவரையில் படத்தைக் காட்டினால்தான் பணம் என்று நிலைமை வந்தது. அரைகுறைப் படத்தை வெளியாருக்குக் காட்டுவது வால்ட்டுக்குப் பிடிக்காத விஷயம். வேறு வழியில்லை என்று ராய் அவரைச் சம்மதிக்க வைத்தார். வங்கியின் ஜோசப் ரோசன்பெர்க் தனியே உட்கார்ந்து பார்த்தார். வரையாத இடங்களில் வால்ட் எழுந்து நின்று நடித்துக் காட்டினார். பார்த்து முடித்தும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. வாசல்வரை வானிலையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தவர், காரில் ஏறும்போதுதான் இந்தப் படம் நிறையப் பணம் கொண்டுவரும் என்றாராம். 1937 டிசம்பர் 21 அன்று 'ஸ்னோ ஒயிட்' வெளியானது. முதல் வெளியீட்டிலேயே சுமார் 80 இலட்சம் டாலர் வசூல் வந்தது. கடன் அடைந்தது.

வங்கியில் பணம் பெற்றுத் தந்தது எது? வால்ட்டின் நடிப்பு என்று சொல்பவர்கள் உண்டு. அதற்கு முன் வங்கியோடு பொறுப்பாகப் பழகிவந்த ராயின் பெயர்தான் அந்த அறைக்குள் ரோசன்பெர்க்கைக் கொண்டுவந்தது என்பது நமது கட்சி.

வந்த இலாபம் தங்கியதா என்றால் இல்லை. புதிய ஸ்டூடியோ, அடுத்தடுத்து பெரும் படங்கள் என்று வால்ட் அனைத்தையும் மறுபடி தொழிலிலேயே கொட்டினார். 1939இல் ஐரோப்பாவில் போர் தொடங்கியது, அங்கிருந்த சந்தை அறுந்தது. கடன் மறுபடி 40 இலட்சம் டாலரைத் தாண்டியது. 1940இல் பொதுமக்களுக்குப் பங்குகள் விற்க வேண்டியதாயிற்று. 1941இல் தொழிலாளர் வேலைநிறுத்தம் வேறு. வால்ட் மனம் நொந்து கிடந்தார். அரசு ஏற்பாட்டில் அவர் தென்னமெரிக்கா போயிருந்த சமயத்தில்தான் தகராறு தீர்ந்தது. அந்தப் பத்தாண்டைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை, தாக்குப்பிடித்தார்கள்.

அண்ணன் தவறிய இடம்

வால்ட்டுக்கு ஒரு பொழுதுபோக்குப் பூங்கா கட்ட ஆசை வந்தது. ராய் வேண்டாம் என்றார். படம் எடுக்கிறவனுக்கு ராட்டினம் எதற்கு என்பது அவர் வாதம். பொதுமக்கள் பங்கு வாங்கிய கம்பெனி. நாளைக்கு அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். வால்ட் சண்டை போடவில்லை. தன் ஆயுள் காப்பீட்டின்மேல் கடன் வாங்கினார். ஓய்வுக்காக வைத்திருந்த வீட்டை விற்றார். 1952இல் தன் பெயரில் தனிக் கம்பெனி தொடங்கி, ஓவியர்களை வைத்துத் திட்டம் போட ஆரம்பித்தார்.

இங்கே ராயின் கணிப்பு தவறு என்பதில் சந்தேகமில்லை. கணக்கு எழுதுபவர்களான நம் எல்லோருக்கும் இந்தக் குறை உண்டு. வாங்கி நஷ்டப்பட்ட சரக்கு பேரேட்டில் சிவப்பு மையில் நிற்கிறது. வாங்காமல் விட்டதால் போன இலாபம் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. ஆகவே தம்பி செய்த தவறுகள் எல்லாம் தேதியோடு எழுத்தில் இருக்கும். அண்ணன் தடுத்ததால் வந்த தவறுகளுக்கு ஆதாரமே இருக்காது. வருஷக் கணக்கு முடிக்கும்போது இளையவர் எப்போதும் குற்றவாளியாக நிற்பது இதனால்தான்.

ஆனால் ராய் கணக்கைத் திருத்திக்கொள்ளத் தெரிந்தவர். தம்பி பின்வாங்க மாட்டார் என்பதும், திட்டத்தில் சாரம் இருப்பதும் தெரிந்ததும், 1953இல் பூங்காவின் பெரிய வரைபடம் ஒன்றைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு நியூயார்க் போனார். அந்த வரைபடம் ஒரே சனி ஞாயிறில் வால்ட் சொல்லச் சொல்ல ஓவியர் ஒருவர் வரைந்தது. தொலைக்காட்சி நிறுவனங்களின் வாசல்களில் ஏறி இறங்கி, ஏபிசி நிறுவனத்தைப் பிடித்தார். அவர்கள் 5 இலட்சம் டாலர் முதல் போட்டார்கள். 45 இலட்சம் டாலர் வரை கடனுக்கு ஜாமீன் நின்றார்கள். பதிலுக்கு டிஸ்னி அவர்களுக்கு வாராவாரம் நிகழ்ச்சி தரவேண்டும். அந்த நிகழ்ச்சியே பூங்காவுக்கு விளம்பரமும் ஆயிற்று. சுமார் 170 இலட்சம் டாலர் செலவில் டிஸ்னிலாண்ட் 1955 ஜூலை 17 அன்று திறந்தது. கடன் தீர்ந்து கையில் பணம் சேர்ந்ததும், 1960இல், ஏபிசியின் பங்கை 75 இலட்சம் டாலர் கொடுத்து ராய் திரும்ப வாங்கிவிட்டார். தேவைப்பட்டபோது பங்காளியைச் சேர்க்கவும், தேவை தீர்ந்தபோது மரியாதையாகக் கணக்கு முடிக்கவும் தெரிந்திருந்தார்.

பேச்சுவார்த்தை நின்ற காலம்

வால்ட் தனியாகத் தொடங்கிய கம்பெனிதான் பிறகு தகராறானது. வால்ட்டின் பெயரைப் பயன்படுத்துவதற்காகப் பெரிய கம்பெனி அந்தச் சொந்தக் கம்பெனிக்குப் பணம் கட்டியது. ஒரே ஆள் இந்தக் கையால் கொடுத்து அந்தக் கையால் வாங்குகிறார் என்று பங்குதாரர்கள் கேட்பார்கள் என்பது ராயின் கவலை. என் பெயர் என்னுடையது என்பது வால்ட்டின் பக்கம். இரண்டு பேரும் தனித்தனி வக்கீல் வைத்துக்கொண்டார்கள். மாதக் கணக்கில் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. ஸ்டூடியோவில் 'வால்ட் ஆட்கள்', 'ராய் ஆட்கள்' என்று இரு கட்சி உண்டாயிற்று. பிரிந்த கடைகளில் நாம் பார்த்த அதே காட்சி. முதலாளிகள் சண்டையைவிட அவர்களைச் சுற்றி நிற்பவர்கள் மூட்டிவிடும் சண்டை பெரிது. மச்சானும் கணக்கப்பிள்ளையும் சேர்ந்து அணைகிற அடுப்பை ஊதுவார்கள்.

ராய் இந்த இடத்தில் ஒரு காரியம் செய்தார். பேச்சுவார்த்தை சூடாகி, தன் பக்கத்து ஆட்கள் வால்ட்டைத் தாக்கிப் பேச ஆரம்பித்தபோது அவரே குறுக்கிட்டு நிறுத்தினார். வால்ட் இல்லாவிட்டால் இந்த அறையில் இருக்கும் யாருக்கும் இந்தப் பிழைப்பே இல்லை என்பதை அவர்களுக்கு நினைவூட்டினார். அதன்பின் ஒப்பந்தம் முடிந்தது. ராயின் பிறந்தநாள் ஒன்றில் வால்ட் ஒரு புகைக்குழாயைப் பரிசாகக் கொண்டுவந்தார். அமெரிக்கப் பழங்குடியினர் சமாதானத்துக்கு அடையாளமாகப் புகைப்பது அது. இரண்டு கிழவர்களும் ராயின் அறையில் உட்கார்ந்து மாறி மாறிப் புகைத்தார்கள். வால்ட் பிறகு நன்றி சொல்லி அண்ணனுக்குக் கடிதமும் எழுதினார்.

நாம் கவனிக்க வேண்டியது, அந்தப் புகைக்கு முன்னால் காகிதம் முடிந்திருந்தது. கணக்கைத் தீர்க்காமல் கைகொடுத்துக் கட்டித் தழுவினால் அடுத்த ஆடி மாதத்துக்குள் மறுபடி வெடிக்கும்.

புளோரிடா

கடைசிக் காரியம் புளோரிடா மாநிலத்தில். டிஸ்னிலாண்டைச் சுற்றி மற்றவர்கள் ஓட்டல் கட்டிச் சம்பாதித்ததைப் பார்த்த சகோதரர்கள், இம்முறை சுற்றுப்புற நிலத்தையும் சேர்த்து வாங்கத் தீர்மானித்தார்கள். வாங்குவது டிஸ்னி என்று தெரிந்தால் விலை ஏறும் அல்லவா? வேறு வேறு பெயர்களில் சிறு கம்பெனிகளை வைத்து 27,000 ஏக்கருக்கு மேல் வாங்கினார்கள். மொத்தச் செலவு சுமார் 50 இலட்சம் டாலர்; சராசரி ஏக்கர் 200 டாலருக்குள். 1965 அக்டோபரில் உள்ளூர்ப் பத்திரிகை குட்டை உடைத்தது. நவம்பர் 15 அன்று இருவரும் ஆளுநரோடு மேடையேறி அறிவித்தார்கள். அப்புறம் அக்கம்பக்கத்து நிலம் என்ன விலைக்குப் போனது என்பதை நாம் சொல்லவே வேண்டாம்.

மறு ஆண்டு வால்ட்டுக்கு நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்தது. ஸ்டூடியோவுக்கு எதிரில் இருந்த மருத்துவமனையில் படுத்திருந்தார். கடைசி இரவு ராய் பக்கத்தில் இருந்தார். மேற்கூரையின் சதுரப் பலகைகளை வரைபடமாக வைத்து, இங்கே சாலை, அங்கே ரயில் என்று தம்பி அண்ணனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாராம். 1966 டிசம்பர் 15 அன்று வால்ட் காலமானார். அவருக்கு வயது 65.

ராய்க்கு அப்போது 73. ஓய்வு பெற வேண்டியவர். மனைவியோடு ஊர் சுற்றத் திட்டம் போட்டு வைத்திருந்தார். அதை ஒதுக்கிவிட்டு மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். சுமார் 40 கோடி டாலர் தேவைப்பட்டது. பிறகு பங்குகளாக மாற்றிக்கொள்ளக்கூடிய கடன் பத்திரங்களை வெளியிட்டுத் திரட்டினார். திறக்கும் நாளில் கம்பெனியின் தலைமேல் பெரும் வங்கிக் கடன் நிற்கக்கூடாது என்பது அவர் பிடிவாதம். முன்பு மாதாமாதம் வங்கி வாசலில் நின்ற மனிதர் அல்லவா! இன்னொரு பிடிவாதம் பெயரில். 'டிஸ்னி வேர்ல்டு' என்று கம்பெனி விளம்பரம் செய்திருந்தது. ராய் அதை 'வால்ட் டிஸ்னி வேர்ல்டு' என்று மாற்றச் சொன்னார். டிஸ்னி என்றால் ஏதோ ஒரு கம்பெனி என்று நாளைக்கு நினைப்பார்கள். இது என் தம்பியின் கனவு என்று தெரியட்டும் என்பது அவர் சொன்ன காரணம்.

1971 அக்டோபர் 1 அன்று பூங்கா திறந்தது. அம்மாதம் 25ஆம் தேதி நடந்த விழாவில், மிக்கி வேடமிட்டவர் பக்கத்தில் நிற்க, ராய் அர்ப்பணிப்பு வாசகத்தைப் படித்தார். அதன்பின் ஓய்வு பெறுவதாக இருந்தார். அந்த டிசம்பர் 20ஆம் தேதி, 78ஆவது வயதில், அவரும் காலமானார்.